திரையில் தெரிந்த தோட்டம்

1. மஞ்சள்

கன்டெய்னரைத் திறந்ததும் எடுத்த போட்டோக்கள் மெயிலில் வந்திருந்தன. பச்சையாக இருக்க வேண்டிய காய் முழுக்க மஞ்சளாக இருந்தது.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி அது. சின்னமனூர் பக்கம் ஒரு வாழைக்காய் ஏற்றுமதிக் கம்பெனியின் பேக் ஹவுஸில் குவாலிட்டி பிரிவில் இருந்தேன். விவசாயிகள் வெட்டிக் கொடுக்கும் ஜி-நைன் ரக வாழைத் தார்களைச் சீப்பு பிரித்து, கழுவி, அட்டைப் பெட்டியில் அடைத்து, குளிரூட்டிய ரீஃபர் கன்டெய்னரில் ஏற்றித் தூத்துக்குடிக்கு அனுப்புவோம். அங்கிருந்து கப்பலில் வளைகுடாவுக்குப் போகும். காய் பச்சையாகவே போய் இறங்க வேண்டும். அங்குள்ள வியாபாரி தன் குடோனில் வைத்துப் பழுக்க வைத்துக்கொள்வார். வழியிலேயே பழுத்துவிட்டால் அத்தனையும் குப்பை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாழைக்காயில் தடிமனைவிட வயதுதான் முக்கியம். வயது கூடின ஒரு சீப்பு உள்ளே போய்விட்டால், அது பழுக்கும்போது விடுகிற வாயு சுற்றியுள்ள பெட்டிகளையும் பழுக்க வைத்துவிடும். காலிபர் வைத்துத் தடிமனை அளந்து மட்டும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. தண்ணீர் குறைந்த தோட்டத்தில் காய் வயதாகியும் ஒல்லியாகவே நிற்கும். அதனால்தான் மரம் பூத்தள்ளும்போதே அந்த வாரத்துக்கு உரிய கலரில் தாருக்கு ரிப்பன் கட்டச் சொல்வோம். ரிப்பனைப் பார்த்துத்தான் வெட்டு.

நான் அந்தக் கம்பெனிக்குச் செய்த பெரிய வேலை பார்கோடு. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு எண். பெட்டி எந்தத் தோட்டத்துக் காய், எந்த நாள் வெட்டியது, எந்தக் கன்டெய்னர் என்பதெல்லாம் அந்தக் கோட்டில் இருக்கும். அதற்கு முன்னால் ஒரு கன்டெய்னர் கெட்டுப்போனால் காய் கொடுத்த அத்தனை பேருக்கும் பிடித்தம் விழும். "இனிமே யாரு தப்பும் யாரு தலையிலயும் விழாது. மெசினு பொய் சொல்லாது" என்று வீடு வீடாகப் போய் விவசாயிகளிடம் நான்தான் சொன்னேன். எங்கள் அண்ணன் தங்கராசுவிடமும் சொன்னேன். முதலில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அவருக்குப் பதினேழாம் எண் கொடுத்தோம்.

போட்டோ வந்த அன்று முதலில் டேட்டா லாகர் சார்ட்டைப் பார்த்தேன். பெட்டிக்குள் வைத்து அனுப்பும் சின்னக் கருவி அது. வழி நெடுக வெப்பநிலையைப் பதிந்துகொண்டே போகும். கோடு ஏறாமல் இறங்காமல் நேராக இருந்தது. குளிரில் கோளாறு இல்லை, அப்படியானால் காயில்தான். போட்டோக்களில் நடுவரிசைப் பெட்டிகள் புள்ளி விழுந்து கனிந்திருந்தன. அங்கிருந்துதான் பழுக்க ஆரம்பித்திருக்கிறது. அந்தப் பெட்டிகளின் எண்களைக் கம்ப்யூட்டரில் அடித்தேன். பதினேழு என்று வந்தது. அடுத்த பெட்டியும் பதினேழு. அதற்கடுத்ததும் அதுவே.

எம்.டி. என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கோயம்புத்தூர்க்காரர். சத்தம் போட்டுப் பேசாதவர்.

"யார் தோட்டம், ஈஸ்வரி?"

"எங்க அண்ணன் தோட்டம் சார்."

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அவரைத் திரும்பிப் பார்க்காமல், அடுத்த பெட்டி எண்ணை அடித்தேன்.

2. ஷெட்டில் கூட்டம்

மறுநாள் காலை பேக் ஹவுஸ் ஷெட்டில் விவசாயிகளைக் கூப்பிட்டோம். என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியது குவாலிட்டி பிரிவின் வேலை. வேறு யாரையாவது பேசச் சொல்லட்டுமா என்று எம்.டி. கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன். மற்றவர்கள் எண் வந்திருந்தால் நான்தானே எழுந்து சொல்லியிருப்பேன்.

அண்ணன் முன்வரிசையில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். சார்ட் நேராக இருப்பதைக் காட்டினேன். பழுத்தது எந்தப் பெட்டிகள் என்று சொன்னேன். பிறகு எண்ணைச் சொன்னேன்.

எல்லாருக்கும் எல்லார் எண்ணும் தெரியும். எல்லாரும் அண்ணன் பக்கம் திரும்பினார்கள்.

வனராஜ் எழுந்தார். அண்ணன் தோட்டத்துக்கு இரண்டு தோட்டம் தள்ளி விவசாயம் செய்கிறவர். எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவர்.

"ஏத்தா, எங்க காய்க்கு ஒண்ணும் ஆகலயில்ல? அத மொதச் சொல்லு."

"இல்ல மாமா. ஒங்க பெட்டிக்கெல்லாம் பிடித்தம் இல்ல. பதினேழுக்கு மட்டுந்தான்."

"அப்பச் சரி. நாங்களும் பயந்துக்கிட்டு வந்தோம்." உட்காரப் போனவர் மறுபடி நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். "என்ன தங்கராசு, தங்கச்சி கம்பெனிக்கே இப்படிப் பண்ணிட்டயேப்பா."

அண்ணன் எழுந்து நின்றார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"நாந்தேன். இல்லேங்கல. போன காத்துல எந்தோட்டத்துல பாதி சாஞ்சு போச்சு. இத்தன தாரு தாரேன்னு ஒத்துக்கிட்டேன். கப்பலுக்கு நாளாயிருச்சுன்னு போன் மேல போன் போட்டாக. வீரபாண்டிப் பக்கம் ஒருத்தருகிட்ட வாங்கி, எங்க ரிப்பனக் கட்டி விட்டேன். அது வயசான காயின்னு எனக்குத் தெரியாது." என்னைப் பார்க்காமலே கடைசியாகச் சொன்னார். "எந்தங்கச்சி பேருக்கு ஒரு கொற வந்துரக் கூடாதுன்னுதேன் பண்ணுனேன்."

அந்த வருடம் முழுக்க அவர் காயை எடுப்பதில்லை என்று முடிவானது. விதி எல்லாருக்கும் ஒன்றுதான். மற்ற விவசாயிகளுக்கு முழுப் பட்டுவாடா போனது. பார்கோடு இல்லாதிருந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் அன்று முப்பது நாற்பது வீட்டில் அடுப்பு எரிவதே சிரமமாகியிருக்கும். அந்த வகையில் நாங்கள் செய்தது சரியான வேலைதான். இன்றும் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

ஆனால் எனக்கு ஊருக்குள் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை. பொங்கலுக்கு அண்ணன் வீட்டுக்குப் போனபோது மதினி காபியைக் கொடுத்துவிட்டு, அண்ணன் கேட்காத தூரத்தில் என்னிடம் சொன்னார்.

"டீக்கடையில ஒங்க அண்ணன இப்ப 'பதினேழு'ன்னுதான் கூப்புடுறாகளாம். நம்பரு வச்சது யாருன்னும் கேக்குறாக."

"மதினி, நான் என்ன செய்யட்டும்?"

"ஒன்னய நான் என்ன சொன்னேன்? காபி ஆறுது, குடி."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

3. மதுரை ஹோட்டல்

அடுத்த சில மாதங்களில் மதுரையில் ஒரு பெரிய ஹோட்டலில் ஏற்றுமதியாளர் கூட்டம் நடந்தது. எங்கள் எம்.டி. ஆங்கிலத்தில் பேசினார். தோட்டத்திலிருந்து கடை வரைக்கும் ஒவ்வொரு பெட்டியும் எங்கள் கண்ணுக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அடுத்த ஸ்லைடைப் போட்டார்.

எங்கள் அண்ணன் தார் ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிரித்தபடி நின்றார். விவசாயிகளைப் பதிவு செய்தபோது நான் எடுத்த போட்டோ அது. அவர் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்தில் பழுத்த பெட்டிகளின் படம். கீழே பெயரும் எண்ணும்.

"தவறு எங்கே நடந்தது என்பதை ஒரே நாளில் கண்டுபிடித்தோம். கண்டுபிடித்தவர் அவருடைய சொந்தத் தங்கை. அவர் இந்த அரங்கத்தில்தான் இருக்கிறார்" என்று எம்.டி. சொன்னார்.

என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன். கைதட்டினார்கள். முன்னால் இருந்த ஒரு பெரியவர் திரும்பி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். திருடனைப் பிடித்துக் கொடுத்தவளைப் பாராட்டுவதுபோல் இருந்தது. திரையில் அண்ணன் சிரித்துக்கொண்டே இருந்தார். அடுத்த ஸ்லைடு வர ஏன் இவ்வளவு நேரம் என்று இருந்தது எனக்கு.

சாப்பாட்டு நேரத்தில் எம்.டி.யிடம் போனேன்.

"சார், அந்தப் படம் வேணாம் சார். பேரும் வேணாம். தோட்டம்னு மட்டும் சொன்னாப் போதும்."

"ஈஸ்வரி, இது உனக்குப் பெருமை. எத்தனை பேர் இப்படிச் செய்வாங்க? காய் வாங்க வந்திருக்கிற பையர் எல்லாம் இதைத்தான் பேசிட்டிருக்காங்க."

"எனக்கு வெட்கமா இருக்கு சார்."

"சரி, எடுத்திடலாம்" என்றார். அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வு ஆர்டர் வந்தது. சம்பளம் கூடியதை வீட்டில் ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னேன்.

4. பையர் வந்த நாள்

ஒரு வருடத் தடை முடிந்தது. அண்ணன் புதிதாக நட்ட தோட்டம் நன்றாக வந்திருந்தது. ரிப்பன் ஒன்றுகூடத் தவறாமல் கட்டியிருந்தார். முதல் வெட்டு நல்லபடியாகக் கப்பல் ஏறியது. அந்தச் சமயத்தில்தான் வளைகுடாவிலிருந்து பெரிய பையர் ஒருவர் ஆட்களோடு எங்கள் பேக் ஹவுஸைப் பார்க்க வந்தார். விவசாயிகளையும் வரச் சொல்லியிருந்தோம். அண்ணன் தேய்த்த வெள்ளைச் சட்டையில் வந்தார். முன்பு போலவே முன்வரிசையில் போய் உட்காரத் தயங்கி, நடுவில் உட்கார்ந்தார்.

ஷெட்டில் திரை கட்டிப் புரொஜெக்டர் வைத்திருந்தார்கள். எம்.டி. பேச ஆரம்பித்தார். முதல் சில ஸ்லைடுகளிலேயே அது மதுரையில் போட்ட பழைய பிரசன்டேஷன்தான் என்று தெரிந்துவிட்டது. லேப்டாப்பை நோக்கி நடந்தேன். நடந்து போய்ச் சேருவதற்குள் அந்தப் படம் வந்துவிட்டது.

அதே சிரிப்பு. அதே சிவப்பு வட்டம். எம்.டி. ஆங்கிலத்தில் கதையைச் சொன்னார். பையர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் அவர் கைதட்டினார், கூட வந்தவர்களும் தட்டினார்கள். அவர்கள் தட்டியதைப் பார்த்து விவசாயிகளும் தட்டினார்கள். யாருக்கும் ஆங்கிலம் தெரியாது. பழுத்த பெட்டிகளின் படத்தை அங்கே கடையில் விற்கிற பழம் என்றும், நம் ஊர்த் தோட்டத்தைப் பெரிய ஆட்கள் பாராட்டுகிறார்கள் என்றும் நினைத்துக்கொண்டார்கள்.

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்த வனராஜ் அவர் முதுகில் தட்டி, "எந்திரிச்சு ஒரு கும்புடு போடுய்யா" என்றார். அண்ணன் எழுந்து பையரைப் பார்த்துக் கைகூப்பினார். திரும்பி விவசாயிகளையும் பார்த்துக் கும்பிட்டார்.

லேப்டாப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். பூமிக்குள் போய்விட மாட்டோமா என்பார்களே, அன்று எனக்கு அது சும்மா வார்த்தையாக இல்லை.

டீ கொடுக்கும்போது பையரோடு வந்திருந்த மலையாளி மேனேஜர் ஒருவர் அண்ணனிடம் போனார். நல்ல மனிதர். படத்தில் பார்த்த ஆள் நேரில் நிற்கவும், ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அண்ணன் தோளைத் தொட்டு, "சாரமில்ல சேட்டா, எல்லாவருக்கும் தெற்று பற்றும்" என்றார்.

குமுளிச் சந்தையில் காய் விற்றுப் பழகிய எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த அளவு மலையாளம் புரியும். பரவாயில்லை, தவறு எல்லாருக்கும் வரும் என்கிறார்.

அண்ணன் டீ டம்ளரோடு என்னிடம் வந்தார்.

"ஏத்தா, அந்த மலையாளத்தாரு என்னமோ தெத்துங்கிறாரு. என்ன தப்பு? நம்ம தோட்டத்தத் தெரையில காமிச்சு என்ன சொன்னாக?"

வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். நல்ல தோட்டம் என்று சொன்னார்கள் என்றால் நம்பியிருப்பார். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நல்லதாச் சொல்லலண்ணே. போன வருசம் பழுத்துச்சுல்ல, அதச் சொன்னாக. அந்தக் காய் ஒங்களுதுன்னும், நான் கண்டுபிடிச்சேன்னும் சொன்னாக. மதுரையில ஒருக்கச் சொன்னாக. நான் வேணாம்னு சொல்லி, எடுத்துர்றேன்னாக. எடுக்கல."

அவர் திரையைத் திரும்பிப் பார்த்தார். அதில் அப்போது ஏதோ மேப் ஓடிக்கொண்டிருந்தது. டம்ளரைப் பெஞ்சில் வைத்தார்.

"அப்ப நான் எந்திரிச்சுக் கும்புட்டேனே, ஆத்தா."

வாசலில் கிடந்த செருப்பைப் போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கேட் வரை போனார். ஸ்டார்ட் செய்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்தாரோ என்னவோ.

5. எம்.டி. அறை

பையர் கிளம்பியதும் எம்.டி. அறைக்குப் போனேன். அவர் சந்தோஷமாக இருந்தார். ஆர்டர் கிடைத்துவிட்டது.

"சார், அந்த வட்டம் போட்டிருந்த ஆளு இன்னைக்கு இங்கன உட்கார்ந்திருந்தாரு. கைதட்டுனதப் பார்த்து எந்திரிச்சுக் கும்பிட்டாரு. பார்த்தீங்களா?"

அவர் முகம் மாறியது. உண்மையிலேயே அவர் கவனித்திருக்கவில்லை.

"அவரும் வருவார்னு நான் யோசிக்கல ஈஸ்வரி."

"வராட்டியும் அது அவரு மூஞ்சிதான சார்."

வேலையை விட்டுவிடுவது என்ற முடிவோடுதான் போயிருந்தேன். ஆனால் அவர் லேப்டாப்பைத் திறந்து, நான் பார்க்கும்போதே அந்த ஸ்லைடை அழித்தார். பிறகு, "வேற என்ன செய்யணும், சொல்லு" என்றார். அவர் கேட்ட விதத்தில் நடிப்பு இல்லை. நான் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் வருடக்கணக்காகச் சரி என்று நினைத்து வந்த ஒன்று எனக்கே பிசகாகத் தெரிந்தது. எங்கள் சிஸ்டத்தில் பையருக்கு விவசாயி தெரிவார். விவசாயிக்குப் பையர் தெரியமாட்டார். காய் எங்கே போகிறது, கப்பல் எப்போது சேர்ந்தது, அங்கே எந்தச் சூட்டில் கிடந்தது என்று எதுவும் தெரியாது. அதைவிட மோசம் இன்னொன்று. தார் எத்தனை, கலர் என்ன, வெட்டு எப்போது என்று எல்லாவற்றையும் கேட்டோம். மரம் சாய்ந்துவிட்டது, என்னால் இந்த முறை முடியாது என்று ஒருவர் சொல்ல வேண்டுமானால், அதற்கு அதில் இடமே இல்லை. அண்ணன் காற்று அடித்த மறுநாள் ஆபீசுக்குப் போன் போட்டிருக்கிறார். எடுத்தவர், "அதெல்லாம் தெரியாதுங்க, கன்டெய்னர் புக் ஆயிருச்சு" என்று வைத்துவிட்டார். இதை மதினி சொல்லித்தான் பின்னால் தெரிந்துகொண்டேன்.

அன்று பேசியதிலிருந்து இரண்டு மாற்றங்கள் செய்தோம். விவசாயிகள் கையில் அப்போது செல்போன் வந்திருந்தது; தமிழ் எழுத்து அதில் வராது. தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்து எஸ்.எம்.எஸ். அனுப்ப ஆரம்பித்தோம். காய் கப்பல் ஏறியது, இறங்கியது, எத்தனை டிகிரியில் போனது, என்ன ரிசல்ட் என்று அவரவர் காய்க்கு அவரவர் போனுக்கு. பையருக்கு எண் மட்டும் போகும். பெயரும் படமும் போகாது. இரண்டாவது, காற்று, மழை, நோய் என்று எது வந்தாலும் விவசாயி திருப்பி ஒரு மெசேஜ் போட்டால் போதும். அவர் பங்கை அப்போதே குறைத்துவிடுவோம். குறைத்ததற்காகத் தடையோ பிடித்தமோ கிடையாது.

"எல்லாரும் காத்து அடிச்சுதுன்னு சொல்லிட்டாக் கப்பலுக்கு என்ன அனுப்புறது?" என்று எம்.டி. கேட்டார்.

"இப்பவும் அடிக்கத்தான் செய்யுது சார். நமக்குத் தெரியாம அடிக்குது. அவ்வளவுதான் வித்தியாசம்."

6. காற்று

ஆனி பிறந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் மேற்கிலிருந்து இறங்கும் காற்றை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். அந்த வருடமும் வந்தது. ஒரு காலையில் ஆபீஸ் போனில் வரிசையாக மெசேஜ். முதல் மெசேஜ் வனராஜிடமிருந்து. "kaathu. pathi maram poche." பின்னாலேயே மற்றவர்கள்.

யார் தோட்டத்தில் எவ்வளவு நிற்கிறது என்று அன்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. ஒரு கன்டெய்னரை ரத்து செய்தோம். காற்று அவ்வளவாகத் தொடாத ஜெயமங்கலம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து முடிந்ததை எடுத்து இன்னொன்றை நிரப்பினோம். குறைவாகத்தான் வரும் என்று பையருக்கு முன்கூட்டியே எழுதினோம். அவர் வேறு நாட்டிலிருந்து மீதியை ஏற்பாடு செய்துகொண்டார். அடுத்த சீசனுக்கும் எங்களிடமே வந்தார். அனுப்பிய கன்டெய்னர் பச்சையாகப் போய் இறங்கியது. அந்த ஏற்பாடு இப்படியே வருடா வருடம் நின்றது. நான் கம்பெனியை விட்டு வந்த பிறகும் நடக்கிறது என்கிறார்கள்.

அந்த மெசேஜ்களில் அண்ணன் எண் இல்லை. பையர் வந்து போன பிறகு அவர் எங்களுக்குக் காய் கொடுப்பதை நிறுத்திவிட்டார்.

மறு சீசன் பதிவுக்கு நானே நேரில் போனேன். தோட்டத்தில் கேரளா லாரிக்குத் தார் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வாழை மட்டை மேல் என்னை உட்காரச் சொன்னார். படத்தை எடுத்துவிட்டோம், இனிமேல் பெயர் வராது, காற்று அடித்தால் சொல்லலாம் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நல்லதுதேன் பண்ணியிருக்கீக. மத்தவுகளுக்கு ஆகும்."

"ஒங்களுக்கும்தாண்ணே."

"எனக்கு வேணாம்த்தா. இந்த லாரியில ஏத்திவிட்டா அன்னியோட முடிஞ்சு போகுது. அது எங்கன போச்சு, யாரு தின்னா, ஒண்ணும் தெரியாது. என்னயவும் ஒருத்தருக்கும் தெரியாது. நிம்மதியா இருக்கேன்."

கோபமாகச் சொல்லவில்லை. என் மகன் பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரித்தார். ஒரு சீப்பு பழம் கொடுத்துவிட்டார். அதற்கப்புறமும் நல்லது கெட்டதுக்கெல்லாம் வருகிறார், போகிறார். பேக் ஹவுஸ் பக்கம் மட்டும் அவர் வந்ததே இல்லை. அந்த வழியாகப் போகும் பஸ்ஸில்கூட ஏறுவதில்லை என்று மதினி சொன்னார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு இப்போதெல்லாம் என்னிடம் இருந்ததைவிட நல்ல கருவிகள் இருக்கின்றன. தவறு எங்கே என்று நொடியில் காட்டும். வாங்குங்கள், பயன்படுத்துங்கள். ஆனால் யாரைப் பற்றி அதில் தெரிகிறதோ, அவருக்கும் அது தெரிய வேண்டும், அவருக்குப் புரிகிற மொழியில். அவர் தன் கஷ்டத்தைச் சொல்ல அதில் ஒரு வழி இருக்க வேண்டும். தவறு நடப்பதற்கு முன்னால் அது இருக்க வேண்டும். நாங்கள் பின்னால்தான் வைத்தோம். அதனால் மற்ற எல்லாருக்கும் உதவிய அந்த ஏற்பாடு எங்கள் அண்ணன் ஒருவருக்கு மட்டும் உதவாமலே போய்விட்டது.